வெள்ளை யானையில் கைலாயம் போனவர்

மகளுக்குத் தவணைப் பரீட்சை. தரம் 8. போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பல்கனியில் நடந்து நடந்து ஆங்கிலக் கொப்பியைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். ரியூசனில் கொடுத்த பட்டியல். இடப்பக்கம் மிருகங்கள் வருகிற ஆங்கில மரபுத்தொடர்கள் நாற்பது, வலப்பக்கம் தமிழில் கருத்து. "வைட் எலிபன்ட், வெள்ளை யானை, பயனற்ற பெருஞ்செலவு. வைட் எலிபன்ட், வெள்ளை யானை, பயனற்ற பெருஞ்செலவு."

சாமி அறையில் திரி திரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? சுந்தரமூர்த்தி நாயனார் வெள்ளை யானையிலைதானே கைலாயம் போனவர். அது வீண் செலவோ?"

சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அம்மா கேட்டது நல்ல கேள்வி. பெரியபுராணத்தின் கடைசிச் சருக்கத்துக்குப் பெயரே வெள்ளானைச் சருக்கம். இந்திரனின் ஐராவதமும் வெள்ளைதான். எங்கள் கதைகளில் வெள்ளை யானை என்றால் மேலே கூட்டிக்கொண்டு போகிற வாகனம். ஆங்கிலத்துக்கு அது வந்து சேர்ந்த பாதை வேறு. சீயத்தில், அதாவது இன்றைய தாய்லாந்தில், வெள்ளை யானை அரசனுக்குரிய புனித விலங்கு. தனக்குப் பிடிக்காத பிரபுவுக்கு அரசன் ஒன்றைப் பரிசாக அனுப்பிவைப்பான் என்று கதை. அதனிடம் வேலை வாங்க முடியாது, விற்க முடியாது, தீனி போடாமலும் விட முடியாது. கொஞ்ச நாளில் ஆள் ஓட்டாண்டி.

இதைச் சொன்னதும் மகள் கேட்டாள்: "அப்ப மத்தளை எயார்போர்ட் மாதிரியோ?" 2013-இல் திறந்த விமான நிலையம், விமானம்தான் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வரியை அவள் பாடமாக்கவில்லை. தேவைப்படவில்லை.

எனக்குக் கோபம் இந்தப் பட்டியல்கள் மேல்தான். மிருகத்தைத் துரத்திவிட்டுக் கருத்தை மட்டும் பிள்ளைகளின் வாயில் திணிக்கிறார்கள். மிருகம் எங்கே நின்றது, ஏன் அங்கே வந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு பாஷையிலும் மிருகத்துக்கு ஒவ்வொரு குணம். ஆங்கிலக் கதைகளில் ஆந்தை அறிவாளி, எங்கள் வீட்டுப் பூவரசில் வந்து கத்தினால் அம்மா துடைப்பத்தோடு ஓடுவார்.

நான் மொழிபெயர்ப்பை வைத்துச் சோறு தின்கிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தேர்தல் கட்டுரையில் வந்த "டார்க் ஹோர்ஸ்" என்பதைக் "கறுப்புக் குதிரை" என்று எழுதிக் கொடுத்தேன். மூத்தவர் ஒருவர் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கூப்பிட்டார். "தங்கச்சி, குதிரையின்ரை நிறத்தை ஆர் கேட்டது?" எதிர்ப்பக்கம் ஒரு ரேஸ் புக்கி இருந்தது. கொழும்பில் இருப்பவர்களுக்குத் தெரியும்: இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கே காசு கட்டுகிற கடை, காதில் பென்சில், கையில் மடித்த ரேஸ் பேப்பர். "அங்கை நிக்கிறவையைக் கேளும், சொல்லுவினம்" என்றார். நான் கேட்கப் போகவில்லை, அவரே சொன்னார். எந்தக் குதிரையின் பழைய ஓட்டம் பந்தயக்காரனுக்குத் தெரியாதோ, அது டார்க் ஹோர்ஸ். அவன் கணக்கில் இருட்டில் நிற்கிற குதிரை. வெள்ளைக் குதிரையாகக்கூட இருக்கலாம். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான டிஸ்ரேலி 1831-இல் எழுதிய நாவலில், யாரும் நினைத்தே பார்க்காத அப்படி ஒரு குதிரை எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடும். இன்றைக்கும் நம் பத்திரிகைகளில் கறுப்புக் குதிரையைக் காணும்போது அந்தச் சிவப்பு வட்டம்தான் ஞாபகம் வரும்.

இதைவிட ஆபத்து கறுப்பு ஆடு. கறுப்புக் கம்பளிக்குச் சாயம் ஏறாது, விலையும் குறைவு. அதனால் ஆங்கிலத்தில் குடும்பத்துக்குப் பேர் கெடுத்த பிள்ளை "பிளாக் ஷீப்". நம் தமிழில் அதே ஆடு, உள்ளே இருந்துகொண்டு ரகசியத்தை வெளியே கொடுப்பவன் ஆகிவிட்டது. தம்பி குடிகாரன் என்று ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதை அப்படியே பெயர்த்தால், தம்பி காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவான். இந்த நாட்டில் அது சின்ன வித்தியாசம் இல்லை.

அப்புறம், கையில் இருக்கிறதை விட்டுவிட்டு இரவல் தேடுவதும் உண்டு. பரிசாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்பது ஆங்கிலப் பழமொழி. 1546-இல் ஹேவுட் தொகுத்த பழமொழிகளிலேயே இருக்கிறது. குதிரைக்குப் பல்லைப் பார்த்தால் வயது தெரியும், அதுதான் சங்கதி. நமக்கு அது மாடு: தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தானாம். அதே பல், அதே நன்றிகெட்ட ஆள். ஒரே கல்லில் அவர்களுக்கு இரண்டு பறவை, நமக்கு இரண்டு மாங்காய். பறவைக்கும் நோகாது, ஊறுகாயும் போடலாம். என் வாக்கு மாங்காய்க்கே.

முதலைக் கண்ணீர் நன்றாக ஒட்டிவிட்டது, அதைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. முதலை மனிதனைத் தின்னும்போது அழும் என்று 14-ஆம் நூற்றாண்டில் மாண்டவில் பெயரில் உலாவிய பயண நூலில் வருகிறது. ஆனால் நம்மிடம் "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" இருக்கிறதே! முதலை தின்றுகொண்டு அழுகிறது. ஓநாய் தின்பதற்கு முன்பே, மழையைச் சாட்டி, குடை பிடிக்க வருகிறேன் என்கிற மாதிரி அழுகிறது. தேர்தல் காலத்துக்கு எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

சிங்களத்துக்காரரிடமும் அருமையானவை உண்டு. நாம் செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம், அவர்கள் செவிட்டு யானைக்கு வீணை வாசிக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்தது கபரகொயா. வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் நாக்கை நீட்டிக்கொண்டு வெயில் காய்கிறதே, அதுதான். அதை ஒருவரும் தின்பதில்லை. அதன் உறவான தலகொயாவை, நம் உடும்பை, தின்பார்கள். தின்ன ஆசை வந்துவிட்டால் கபரகொயாவும் தலகொயா ஆகிவிடும் என்பது பழமொழி. கட்சி தாவுகிறவர்களைப் பற்றி அலுவலகத்தில் ஒரு சிங்கள அக்கா இதைச் சொன்னபோது, தமிழில் சொல்ல எனக்கு மூன்று வசனம் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மகள் அடிமட்டம் வைத்துக் கொப்பியில் மூன்றாவது நிரல் கீறினாள். மேலே "அம்மம்மா" என்று தலைப்பு. பன்றிக்கு முன் முத்துப் போடுவதற்குப் பக்கத்தில் கழுதையும் கற்பூர வாசனையும். பீங்கான் கடைக்குள் புகுந்த காளைக்குக் குரங்கு கைப் பூமாலை.

"எலிபன்ட் இன் த ரூம்" மட்டும் வெறுமையாக நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சரிவராது என்றேன். அதில் ஒருவன் மறைக்கிறான். இதில் யானை நடு அறையில் நிற்கிறது, எல்லாருக்கும் தெரிகிறது, ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அம்மா திரி திரிப்பதை நிறுத்தினார்.

"எங்கடை பெரிய மாமான்ரை காணிக் கதை மாதிரி."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மகள் பென்சிலை எடுத்தாள்.

"உதைக் கொப்பியிலை எழுதிப் போடாதை பிள்ளை" என்றார் அம்மா.