பொலிவெண்ணை மட்டும் நம்பி மாடிக்குப் போகாதீர்கள்

வால்மீன் பார்ப்பது பற்றிய உங்கள் கட்டுரையில் "பொலிவெண் 3 என்றால் வால்மீன் வெறும் கண்ணுக்கே தெரியும்" என்று ஒரு வரி வருகிறது. பொலிவெண் என்பது வானப்பொருளின் மொத்த ஒளியைச் சொல்லும் எண்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். நட்சத்திரத்தின் ஒளி ஒரு புள்ளியில் குவிந்திருக்கும்; வால்மீனின் ஒளி பஞ்சு மாதிரி பரவிக் கிடக்கும். மொத்த ஒளி ஒன்றே என்றாலும், தெருவிளக்கு வெளிச்சத்தில் அந்தப் பஞ்சு கரைந்துவிடும்.

2024 அக்டோபர் நடுவில் சுசின்ஷான்-அட்லஸ் வால்மீனை மொட்டை மாடியிலிருந்து தேடினேன். மேற்கே வெள்ளியைப் பிடித்து, பைனாகுலரை வலப்பக்கமாக மெல்ல நகர்த்தினேன். முதலில் மேகத் துணுக்கு என்றே நினைத்தேன். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி அசையாமல் பிடித்தபிறகுதான் தலை தனியாகவும், மேல்நோக்கி மங்கலாக ஒரு வாலும் தெரிந்தன. அப்படியே நின்றுவிட்டேன். அப்புறம் பைனாகுலரை இறக்கினால், வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை.

இதே வால்மீன் சூரியனை நெருங்கும் முன்பே சிதறிவிடும் என்று 2024 ஜூலையில் வானியலாளர் செகானினா கணித்திருந்தார். அது பிழைத்து வந்தது. 'நூற்றாண்டின் வால்மீன்' என்று பேசப்பட்ட ஐசான் வால்மீனோ 2013 நவம்பர் 28 அன்று சூரியனைச் சுற்றும்போதே சிதைந்தது. பாதையைத் துல்லியமாகக் கணக்கிடலாம், வால்மீனில் உள்ள பனி எப்படி ஆவியாகும் என்பதுதான் பிடிபடாது. சூரியக் குடும்பத்தின் வெளி விளிம்பில் பனிப்பொருட்கள் நிறைந்த ஊர்ட் மேகத்திலிருந்து முதல்முறை வரும் வால்மீன்கள் தொலைவிலேயே பளிச்சென்று ஆசை காட்டிவிட்டு, அருகே வரும்போது மந்தமாகிவிடுவதும் உண்டு.

அடுத்த கட்டுரையில் பொலிவெண்ணோடு, அந்தி நேரத்தில் வால்மீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் இருக்கும், நிலவு எப்போது உதிக்கும் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த அக்டோபர் 17 பௌர்ணமி; நிலவொளியிலும் அந்தப் பஞ்சு கரைந்துவிடும். எத்தனையோ பேர் அன்றுதான் பார்க்கக் கிளம்பினார்கள்.