படுத்தே கிடந்தால் முதுகுவலி போகாது

'நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் நடக்கவே கூடாது, எலும்பு இன்னும் தேயும், படுத்து ஓய்வெடுத்தால் மனசும் தானாகத் தெளியும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் பெரும்பாலும் வலிக்கும் அளவுக்குச் சேதம் இருக்காது, நரம்பு மண்டலமே கூருணர்வு அடைந்து, சின்னத் தூண்டலையும் வலியாகக் காட்டலாம். படுத்தே கிடந்தால் தசை வலுவிழக்கும், தூக்கம் கெடும், ஆள் தொடர்பு குறையும், அப்புறம் மனசு எங்கே தெளிவது?

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வேறு நோயால் விளக்க முடியாத நாள்பட்ட வலிக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. பாராசிட்டமாலைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்கிறது. அதற்காக, இன்னொருவர் சொல்வதுபோல 'நடந்தால் மனச்சோர்வு பறந்துவிடும்' என்பதும் இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 தொகுப்பாய்வில் உடற்பயிற்சியின் மனநலப் பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறித்தான் இருந்தது. மனச்சோர்வுக்குத் தனியாகச் சிகிச்சை வேண்டியிருக்கலாம்.

நம் ஆட்கள் கோட்டைவிடுவது இன்னொரு இடத்தில்: வலி குறைந்த நாளில் திரைச்சீலை முழுக்கத் துவைத்து, பரண் ஒதுக்கி, மறுநாள் எழ முடியாமல் கிடப்பது. பத்து நிமிட நடை போதும், நல்ல நாளிலும் அவ்வளவே, அப்புறம் மெல்லக் கூட்டலாம். ஆனால் கால் மரத்து பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ நடக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.