ஆட்டம் முழுக்க புதருக்குள் இருந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்

'டெட் பை டேலைட்' என்ற ஆன்லைன் விளையாட்டில் ஒரு கில்லர் துரத்துவார், நாலு சர்வைவர்கள் ஜெனரேட்டர்களைப் பழுது பார்த்துத் தப்பிக்க வேண்டும். நேற்று ராத்திரி அதில் ஓர் ஆட்டம் முடிந்ததும் சாட்டில் ஒருவர் எழுதிய வரியைப் படித்து எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்கள் மூன்று பேரும் கண்டபடி ஓடி மாட்டிக்கொண்டோமாம். மறைந்து ஆடப் பழக வேண்டுமாம். சொன்னது யார்? கடைசியில் ஹேட்ச் என்ற தரைக்கதவு வழியாகத் தப்பிப் போன, கிளாடெட் என்ற பாத்திரத்தை எடுத்து ஆடியவர். முதலிலிருந்து கடைசி வரை ஒரு ஜெனரேட்டரில்கூடக் கை வைக்காத கிளாடெட்.

'டெட் பை டேலைட்' ஆடுகிறவர்களுக்கு இந்த ஆளைத் தனியாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 2016-ல் விளையாட்டு வந்தபோதே இருந்த நாலு சர்வைவர்களில் கிளாடெட்டும் ஒருத்தி. கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு புதருக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது என்பதால் அவளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு கூட்டம் அப்போதிருந்தே இருக்கிறது. அவர்களில் எல்லாரும் மோசம் இல்லை. ஆனால் எனக்கு வந்து வாய்ப்பவர்கள் எல்லாரும் மோசம்.

மெக்மிலன் எஸ்டேட் மேப். எதிரே ட்ராப்பர் என்ற கில்லர். அவர் புல்லுக்குள்ளும் பேலட் (கில்லரைத் தடுக்கச் சாய்த்துவிடும் பலகை) பக்கத்திலும் பொறி வைப்பவர். ஓடுகிறவர் கண்ணில் அந்தப் பொறி படவே படாது. மெதுவாகக் குனிந்து போகிறவர் கண்ணுக்குத்தான் முதலில் படும். மறைந்து ஆடத் தெரிந்த ஒருவர் அணியையே காப்பாற்றக்கூடிய ஆட்டம் அது. பொறிகளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைத்திருந்தாலே போதும், நான் அவருக்குக் கோயில் கட்டியிருப்பேன். எங்கள் அணியில் மெக் பாத்திரத்தில் ஆடியவர் துரத்தலில் ஓடிவந்து காலை விட்ட பொறி, இந்த மகராசர் உட்கார்ந்திருந்த புதரை ஒட்டியே இருந்தது. பார்த்திருக்கிறார். விட்டுவிட்டார்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் கிண்ட்ரெட் என்ற பெர்க் (பாத்திரத்துக்கு நாம் தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்) வைத்திருந்தேன். கில்லர் பிடித்து மாட்டிய ஒருவர் கொக்கியில் தொங்கும்போது மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அது காட்டிக்கொடுக்கும். மெக்கைத் தொங்கவிட்டதும் பார்க்கிறேன், அணியின் இன்னொருவர் டுவைட் அந்தக் கோடியில் ஜெனரேட்டரில், நான் இந்தக் கோடியில் ஜெனரேட்டரில், கிளாடெட் கொக்கிக்கு மிகப் பக்கத்தில், குனிந்தபடி. ட்ராப்பர் வேறு பக்கம் போய்விட்டார். எழுந்து நாலு அடி நடந்தால் மெக் கீழே இறங்கிவிடுவாள். அந்த ஆள் எழவில்லை.

கொக்கியில் ஒரு கட்டத்துக்கு 70 நொடி, அதற்குள் யாராவது இறக்கிவிடாவிட்டால் சாவுக்கு ஒரு கட்டம் நெருங்கிவிடும். பாதி போனது. இப்போது போவார், இதோ போவார் என்று ஜெனரேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டே காத்திருந்தேன். திரையின் இடது பக்கம் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார் என்று சின்னம் காட்டும் இல்லையா, அவர் பெயருக்குப் பக்கத்தில் எந்தச் சின்னமும் இல்லை. பழுது பார்க்கவில்லை, யாரையும் குணப்படுத்தவில்லை, கில்லர் துரத்தவும் இல்லை. முடியப்போகிற ஜெனரேட்டரை விட்டுவிட்டு நானே ஓட வேண்டியதாயிற்று. நான் போய் மெக்கை இறக்குகிறேன், ட்ராப்பர் திரும்பி வருகிறார், நான் அடி வாங்குகிறேன். பக்கத்துப் புதர் அசையவே இல்லை.

அப்புறம் நான் தொங்கினேன். அப்போதுதான் அந்த ஆள் முதல் தடவையாக எழுந்தார். என்னை நோக்கி வருகிறார் என்று நம்பினேன். நடு வழியில் இதயத்துடிப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும், நின்றார். பெரும்பாலான கில்லர்களுக்கு அந்தத் துடிப்பு 32 மீட்டரிலேயே கேட்கத் தொடங்கிவிடும். 32 மீட்டர் என்றால் கில்லர் பக்கத்தில் நிற்கிறார் என்று அர்த்தமில்லை, சுற்றுவட்டாரத்தில் எங்கோ இருக்கிறார் என்றுதான் அர்த்தம். இவர் திரும்பி, குனிந்து, ஊர்ந்து, வந்த வழியே புதருக்குப் போய்ச் சேர்ந்தார். என் நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் இரண்டு ஜெனரேட்டர் பாக்கி இருக்கும்போது நான் செத்தேன். டுவைட் செத்தார். கடைசியாக மெக். ஒரே ஒருவர் மிஞ்சினால் ஹேட்ச் திறக்கும். அது திறந்தது, நிதானமாக நடந்துபோய்க் குதித்தார். அதற்கப்புறம்தான் எங்களுக்கு அந்த அறிவுரை.

நான் செத்த பிறகும் வெளியேறாமல் அவருடைய திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டுவைட் உயிருக்கு ஓடிக்கொண்டிருக்கிறார், இவர் கேமராவை இடமும் வலமும் திருப்புகிறார். டுவைட் விழுகிறார், இவர் மறுபடி திருப்புகிறார். பத்தடி தள்ளி ஒரு ஜெனரேட்டர் பாதி முடிந்து சும்மா நின்றது. அதைத் தொட்டிருந்தால்கூட மெக் பிழைத்திருப்பாள்.

கணக்கு சாதாரணக் கணக்கு. தனியாளாக ஒரு ஜெனரேட்டரை முடிக்க 90 நொடி. மேப்பில் உள்ள ஏழில் ஐந்தை முடித்தால் வெளிக்கதவுக்கு மின்சாரம் வரும். கில்லர் ஒருவரை ஒரு நிமிடம் துரத்தினால் மற்ற மூவரும் ஆளுக்கொன்றில் வேலை செய்து, இரண்டு ஜெனரேட்டருக்கு ஈடான வேலையை அந்த ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம். கில்லரைச் சுற்றவிட்டு மெக் எங்களுக்கு வாங்கித் தந்தது அந்த நிமிடங்கள்தான். அதில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஆள் இலைகளை எண்ணியே கரைத்தார்.

இவரை ஏன் கில்லர் கண்டுபிடிக்கவில்லை தெரியுமா? தேடவே இல்லை. ஜெனரேட்டர் ஓடினால்தான் அதன் பிஸ்டன் அசைவது தூரத்திலிருந்தே தெரியும். ஸ்கில் செக் (பழுது பார்க்கும்போது சரியான நொடியில் பொத்தானை அழுத்தும் சோதனை) தவறினால்தான் வெடித்துச் சத்தம் போகும். ஓடினால்தான் தரையிலும் சுவரிலும் சிவப்புக் கீறல் தடம் விழும், காகம் கத்திக்கொண்டு பறக்கும். எதுவுமே செய்யாத ஒருவரை எந்த ட்ராப்பர் மெனக்கெட்டுத் தேடுவார்? அவரால் கில்லருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இதைத் திறமை என்று நினைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு உபதேசம் வேறு.

மறைந்து ஆடுவதில் தேற வேண்டும் என்று உண்மையிலேயே ஆசை இருப்பவர் முதலில் அந்தக் குனியும் பொத்தானிலிருந்து விரலை எடுக்க வேண்டும். ஓடினால் நொடிக்கு 4 மீட்டர், நடந்தால் 2.26, குனிந்து போனால் 1.13. அதே 32 மீட்டரைக் கடக்க ஓடுகிறவருக்கு 8 நொடி, நடக்கிறவருக்கு 14, குனிந்து போகிறவருக்கு 28. நடந்தாலே கீறல் தடம் விழாது! இவ்வளவு எளிய விஷயம் ஏன் மண்டையில் ஏறுவதில்லை? குனிவது தாழ்ந்த சுவருக்குப் பின்னால், கில்லர் பார்வை படும் அந்தச் சில நொடிக்கு மட்டும். மற்ற நேரமெல்லாம் நட.

கேமராவைப் பயன்படுத்து. கில்லர் தன் கண்ணால் மட்டும்தான் பார்க்கிறார், முன்னால் இருப்பதுதான் தெரியும். நம் கேமரா நமக்குப் பின்னால் மேலே இருக்கிறது. பாறைக்குப் பின்னால் நின்றபடியே அந்தப் பக்கம் அவர் எப்படி வருகிறார் என்று நம்மால் பார்க்க முடியும். அவர் முன்னால் விழும் சிவப்பு வெளிச்சம் முகம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். அவர் இடப்பக்கம் வந்தால் நாம் வலப்பக்கம் சுற்ற வேண்டும், அவர் கடந்து போனதும் அதே ஜெனரேட்டருக்குத் திரும்ப வேண்டும். திரும்புவதுதான் இதில் முக்கால்வாசி. நான் பார்த்த நல்ல மறைவாட்டக்காரர்கள் எல்லாரும் ஆட்டத்திலேயே அதிகமாக ஜெனரேட்டர் பார்த்தவர்கள். கில்லர் போன தடத்திலேயே பின்னால் போய், அவர் இப்போதுதான் சோதித்துவிட்டு நகர்ந்த ஜெனரேட்டரில் உட்காருவார்கள். அந்த துணிச்சலைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

தூரத்து மூலையில் பதுங்குவதும் எப்போதும் பாதுகாப்பு இல்லை. 'பார்பிக்யூ அண்ட் சில்லி' என்றொரு கில்லர் பெர்க் இருக்கிறது. ஒருவரைத் தொங்கவிட்டதும் வெகு தூரத்தில் இருப்பவர்களை அது கில்லருக்குக் காட்டிவிடும். தெரிந்தவர்கள் கொக்கியில் மாட்டப்போகும் நேரம் பார்த்து லாக்கருக்குள் சில நொடி நுழைந்துவிட்டு வெளியே வருவார்கள். வெளியே வருவார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அடிபட்டால் வரும் முனகலைக் குறைக்க அயர்ன் வில், குனிந்து வேகமாகப் போக அர்பன் இவேஷன் எல்லாம் நல்ல பெர்க்குகள்தான். எந்த பெர்க்கும் தானாகப் போய் ஜெனரேட்டரைப் பழுது பார்க்காது.

புதிதாக வந்தவர் பயந்து ஒளிந்தால் எனக்குக் கோபமே வராது. முதல் தடவை அந்தத் துடிப்புச் சத்தம் காதில் விழுந்தால் யாருக்கும் கை நடுங்கும். இவர் புதியவர் இல்லை. ஹேட்ச் எங்கே இருக்கும் என்று சரியாகத் தெரிந்து வைத்திருந்தார். மூன்று பேர் சாகும் வரை காத்திருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். ஒரு தடவைகூட மாட்டாமல் தப்பிப்பது எப்படி என்று வீடியோ போடுகிறவர்கள் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். அந்த வீடியோவில் கூட ஆடிய மூன்று பேர் எப்படிச் செத்தார்கள் என்று யாரும் காட்டுவதில்லை.

இதில் எனக்கு இன்னொரு கொடுமை. இந்த விளையாட்டே காதை நம்பி ஆடுவது. துடிப்பு கேட்க வேண்டும், முனகல் கேட்க வேண்டும், ரெய்த் என்ற கில்லர் வந்தால் அந்த மணிச் சத்தம் கேட்க வேண்டும். கீழ்வீட்டில் சரியாக ராத்திரி 11 மணிக்குத் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். மோட்டார் என் ஜன்னலுக்கு அடியில். டேங்க் நிரம்பி, மாடியிலிருந்து வழிந்து, பால்கனியில் காயும் துணியெல்லாம் நனைந்த பிறகும் ஓடுகிறது. ஆன்லைன் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு எழுந்துபோய் அணைக்கவும் முடியாது. கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்கு எல்லா வீட்டிலும் பணம் வசூலிக்க வருகிறவர்களும் இவர்கள்தான். போனில் ஒரு அலாரம் வைக்க எத்தனை நொடி ஆகும்?