மைக்கைக் கீழே போடாதே, அம்மணி!

(கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சிறிய கல்யாண மண்டபம். போன முகூர்த்தத்தின் தெர்மாகோல் எழுத்துகளை மேடையிலிருந்து இன்னும் யாரும் பிய்க்கவில்லை. மணமக்களின் பெயருக்குக் கீழே நின்றுதான் இன்று தாளத்துக்குச் சொற்களைக் கொட்டும் ராப் பாடப் போகிறார்கள். மிக்ஸருக்குப் பின்னால் ஐம்பதைத் தாண்டிய மைக்செட்காரர். எதிரே நிகழ்ச்சியை நடத்தும் கல்லூரிப் பெண். பாடப் போவதும் அவள்தான், வாசலில் டிக்கெட் கிழிப்பதும் அவள்தான்.)

மைக்செட்காரர்: நாலு மைக் கேட்டாய், கொடுத்துவிட்டேன். வாத்தியக்காரர்கள் எப்போது வருவார்கள், அம்மணி? தவிலுக்குத் தனி மைக் வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவிடு.

பெண்: எல்லோரும் வந்துவிட்டார்கள், அண்ணா. இதோ. (பென் டிரைவை நீட்டுகிறாள்.)

மைக்செட்காரர்: மொத்தக் கச்சேரியும் இதற்குள்ளா? சாப்பாட்டுச் செலவு மிச்சம். அதை விடு. பாடி முடித்ததும் மைக்கைக் கீழே போட்டுவிடுவீர்களாமே? என் மகன் போனில் காட்டினான். ஒருவன் பாடி முடித்தான், கையை நீட்டினான், மைக் தொப்பென்று விழுந்தது. கூட்டம் கைதட்டுகிறது! எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது.

பெண்: இதற்கு மேல் யாரும் பாட முடியாது என்று காட்டுவதற்காக அப்படிச் செய்வார்கள், அண்ணா.

மைக்செட்காரர்: வாஸ்தவம். அந்த மைக்கில் அதற்கு மேல் யாரும் பாட முடியாது. ஒரு மைக்குக்கு இரண்டாயிரம் டெபாசிட் வை.

பெண்: அவ்வளவு பணத்துக்கு எங்கே போவேன்? ஸ்கூட்டர் சாவியை வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்செட்காரர்: (சாவியை வாங்கி இடுப்பில் செருகியபடி) பெட்ரோல் இருக்கிறதா?

(ஒலிச் சோதனை. ஒரு பையன் மைக்கின் தலையை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டு பாடுகிறான். ஸ்பீக்கர் "கூ" என்று கத்துகிறது.)

மைக்செட்காரர்: தம்பி, கையை எடு! இளநீரைத் தூக்கிக் குடிப்பதுபோல் பிடித்திருக்கிறான் பார். அந்தத் தலைக்குப் பின்பக்கம் காற்றுத் துளை இருக்கிறது, அம்மணி. அது திறந்திருந்தால்தான் மைக் முன்னால் நிற்பவன் குரலை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளும். பொத்திவிட்டால் எட்டுத் திசையும் அதற்கு ஒன்றுதான். ஸ்பீக்கரில் போவதும் திரும்ப மைக்குக்குள் வரும். அப்புறம் கூவாமல் என்ன செய்யும்?

பெண்: அப்படிப் பிடித்தால்தான் ராப்பர் மாதிரி தெரிகிறது என்கிறான்.

மைக்செட்காரர்: நான் பார்த்த அரசியல்வாதிகள்கூட மைக்கை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை. அது சரி, இந்த ஊரில் இதைக் கேட்க யார் வருவார்கள்?

பெண்: என்ன அண்ணா இப்படிக் கேட்கிறீர்கள்? ராப் பாடும் ஹிப்ஹாப் தமிழா ஆதி நம் கோவைக்காரர்தானே! அவருக்கும் முன்னால், 2006இலேயே, மலேசியாவில் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' குழுவினர் 'வல்லவன்' என்று முழு ராப் ஆல்பமே போட்டுவிட்டார்கள்.

மைக்செட்காரர்: என் மச்சான் அப்போது மலேசியாவில்தான் இருந்தான். கோடாலித் தைலம்தான் கொண்டுவந்தான். இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

பெண்: 2018இல் சென்னையில் கானா பாடுகிறவர்களும் ராப் பாடுகிறவர்களும் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழுவாக ஒரே மேடை ஏறினார்கள். சாதியைப் பற்றி முகத்துக்கு நேராகப் பாடினார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு எழுதும் துணிச்சலே வந்தது.

மைக்செட்காரர்: இரு, இரு. அங்கே ஒருவன் ரெக்கார்டைக் கையால் தேய்க்கிறான்! ஏய், ஏய்!

பெண்: அது அவனுடைய ரெக்கார்ட், அண்ணா. அப்படித் தேய்ப்பதே ஒரு வாசிப்பு. நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. எழுபதுகளில் அங்கே தியடோர் என்ற பையன் வீட்டில் சத்தமாகப் பாட்டு வைத்திருந்தான். அம்மா வந்து திட்டினார். அவர் பேசி முடிக்கும்வரை ஓடுகிற ரெக்கார்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். அந்த 'விக்கி விக்கி' ஓசை பிடித்துப்போய், அதையே பழகிக்கொண்டான்.

மைக்செட்காரர்: அவனை அம்மா திட்டினார், ஒரு கலை பிறந்தது. மாரியம்மன் நோன்பி அன்று நானும் இதையேதான் செய்தேன். என் அப்பா வயரைக் கழற்றி விளாசினார். நோன்பி முடிந்தும் என்னால் மல்லாந்து படுக்க முடியவில்லை.

பெண்: ராப்பும் இந்தத் தேய்ப்பும் சேர்ந்த ஹிப்ஹாப் கலையை ஆரம்பித்ததே உங்களைப் போன்ற ஒரு மைக்செட்காரர்தான், தெரியுமா?

மைக்செட்காரர்: (நிமிர்ந்து உட்கார்ந்து) யார் அது?

பெண்: கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து பிராங்க்ஸுக்குக் குடிபோனவர். ஜமைக்காவில் தெருவுக்குத் தெரு பெரிய ஸ்பீக்கர் செட் உண்டாம். 1973 ஆகஸ்ட் 11, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில் பாட்டு வைத்தார். பாட்டின் நடுவில் தாளம் மட்டும் தனியாக வரும் இடம் இருக்கிறதே, அங்கேதான் எல்லோரும் எழுந்து ஆடுவதைக் கவனித்துவிட்டார். ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றில் அந்த இடம் முடிந்ததும் மற்றொன்றில் அதையே ஓடவிட்டு, நீட்டிக்கொண்டே போனார்.

மைக்செட்காரர்: ஒரே ரெக்கார்டை இரண்டு தடவை காசு கொடுத்து வாங்கினானா? மைக்செட்காரனாக இருந்திருக்கலாம். கோயம்புத்தூர்க்காரன் இல்லை.

பெண்: அப்புறம் பூங்காக்களில் வைத்தார்கள். தெருவிளக்குக் கம்பத்தைத் திறந்து அதிலிருந்தே கரண்ட் எடுப்பார்களாம்.

மைக்செட்காரர்: கொக்கியா! (மனம் குளிர்ந்து) அம்மணி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் கொஞ்சம் மரியாதையாக ஒயர் இழுத்திருப்பேன்.

(மணி ஏழரை. எழுபது பேர் வந்திருக்கிறார்கள். விளக்கு மங்குகிறது. முதல் நான்கைந்து பாட்டுகள் ஓடுகின்றன. அவற்றில் இரண்டு, உண்மையைச் சொன்னால், தூங்கவைக்கும் ரகம். பிறகு இரு பையன்கள் நேருக்கு நேர் நின்று ஒருவரை ஒருவர் பாட்டாலேயே வம்புக்கு இழுக்கிறார்கள். "உன் தாளம் பீளமேடு, சுருதி பொள்ளாச்சி! இரண்டும் சேர பஸ் பிடிக்கணும், போய்ச் சேரு நீ ஆச்சி!" கூட்டம் ஊளையிடுகிறது. திடீரென்று இரண்டு மைக்கும் செத்துவிடுகின்றன.)

பெண்: அண்ணா! என்ன ஆயிற்று?

மைக்செட்காரர்: நான்தான் அணைத்தேன். முப்பது வருடக் கல்யாண அனுபவம். இரண்டு பேர் மைக்கில் ஏசத் தொடங்கினால் முதலில் சத்தத்தை நிறுத்த வேண்டும், அப்புறம் பந்தியைத் தொடங்க வேண்டும்.

பெண்: சண்டையே இல்லை! இது போட்டி! இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கியிருக்கிறார்கள்!

மைக்செட்காரர்: அறையில் தகராறு என்று தெரிகிறது. (மைக்கைத் திறக்கிறார்.) எதற்கும் இருக்கட்டும், பந்தியில் என்ன இருக்கிறது?

பெண்: டீயும் முறுக்கும்.

(அடுத்ததாக அவளே மேடையேறுகிறாள். குரல் முதலில் லேசாக நடுங்குகிறது.)

சங்கு ஊதிய மில்லுக்குள்ளே இன்று சங்கும் இல்லை, கூலி இல்லை!
அங்கு நூற்ற பாட்டி கைக்கு அரைக்காசும் மிச்சம் இல்லை!
எங்கள் தெருவில் குழாய் உண்டு, எட்டு நாளாய்த் தண்ணீர் இல்லை!
இங்கு மைக்கைப் பிடித்துவிட்டேன், இனிமேல் எனக்கு மௌனம் இல்லை!

(பாடி முடிக்கிறாள். மைக் பிடித்த கை மெல்ல முன்னால் நீள்கிறது. மிக்ஸருக்குப் பின்னால் ஸ்கூட்டர் சாவி உயர்ந்து ஆடுகிறது. கை மடங்குகிறது. மைக்கைப் பத்திரமாக ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கி வருகிறாள்.)

பெண்: எப்படி இருந்தது, அண்ணா?

மைக்செட்காரர்: நடுவில் பேஸைக் குறைத்தேன், கவனித்தாயா? சொல் கேட்க வேண்டும். என் அம்மாவும் மில்லில் இருந்தவர்தான். அந்தச் சங்குக்குத்தான் எங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைப்பார்கள். ஆனால், ஒரு தப்பு இருக்கிறது.

பெண்: எதுகையிலா?

மைக்செட்காரர்: தண்ணீரில். எட்டு நாள் என்கிறாயே. எங்கள் தெருவில் பன்னிரண்டு.

(கரண்ட் போகிறது. இருட்டில் ஒரு பையன் மட்டும் வாயாலேயே டிரம்மும் ஜால்ராவுமாகத் தாளத்தைத் தொடர்கிறான். இன்னொருவன் அதன் மேல் சொல்லைக் கொட்டுகிறான். எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்து சுற்றி வட்டமாக நிற்கிறார்கள். அன்றைய இரவில் ஆகச் சிறந்த பத்து நிமிடம் அதுதான்.)

மைக்செட்காரர்: ஜெனரேட்டரைப் போடப் போகிறேன்.

பெண்: கொஞ்சம் பொறுங்கள், அண்ணா. நன்றாக இருக்கிறது.

மைக்செட்காரர்: அதனால்தான் போடப் போகிறேன். இன்னும் பத்து நிமிடம் போனால் மைக்செட்டே வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

(ஒன்பது ஐம்பது.)

மைக்செட்காரர்: இன்னும் எத்தனை பேர்? பத்து மணிக்கு மேல் வெளியே கேட்கும்படி ஸ்பீக்கர் கூடாது. 2000ஆம் ஆண்டே விதி போட்டுவிட்டார்கள். வண்டியில் வந்து எடுத்துப் போவது என் ஆம்ப்ளிபையரைத்தான், உன் பென் டிரைவை இல்லை.

பெண்: மூன்று பேர் பாக்கி. ஆளுக்கு மூன்று நிமிடம். வேகமாகத்தான் பாடுவார்கள்.

மைக்செட்காரர்: இதற்கு மேலுமா வேகம்!

(பத்துக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது முடிகிறது. கூட்டம் கலைகிறது. அவள் மேசையில் நோட்டுகளை எண்ணுகிறாள்.)

பெண்: அண்ணா, வந்தது எழுபது பேர். அதில் முப்பது பேர் பாட வந்தவர்கள், அவர்களுக்கு டிக்கெட் இல்லை. மண்டபத்துக்கு நாங்களே பங்கு போட்டுவிட்டோம். உங்களுக்கு ஆறாயிரம் தர வேண்டும். கையில் நாலாயிரம்தான் இருக்கிறது.

மைக்செட்காரர்: சாவி என்னிடம் இருக்கிறது.

பெண்: கூல் ஹெர்க் பாட்டு வைத்த அந்த விருந்துக்கு ஆண்களுக்கு 50 சென்ட், பெண்களுக்கு 25 சென்ட்தான் கட்டணம், அண்ணா. பெண் என்றால் பாதி.

மைக்செட்காரர்: அது ஆட வந்தவர்களுக்கு. ஸ்பீக்கர் வைத்திருந்தவன் யார்? அவன் கணக்கைச் சொல்.

பெண்: அந்த விருந்தை நடத்தியதே அவருடைய தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும் என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். அண்ணன் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தங்கையிடம் எந்த அண்ணனாவது வாடகை கேட்பாரா, அண்ணா?

(நீண்ட மௌனம். மைக்செட்காரர் ஒயரைச் சுற்றி முடிக்கிறார். நாலாயிரத்தை எண்ணிப் பைக்குள் வைக்கிறார். சாவியை மேசைமேல் போடுகிறார்.)

மைக்செட்காரர்: அடுத்த நிகழ்ச்சிக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டும். ஆனால், இப்போதே சொல்லிவிட்டேன், அன்றைக்கு என்னை 'சார்' என்று கூப்பிடு.