வேட்டிக்குக் கோட்டா கேட்ட ராஜாஜி

ராஜாஜியைப் பற்றி முகநூலில் இரண்டு வகைப் பதிவுகள்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, குலக்கல்வி கொண்டுவந்த மூதறிஞர் என்ற வசை. இன்னொன்று, 1991இல் நாடு ஏற்றுக்கொண்ட தாராளமயத்தை 1959இலேயே சொன்ன தீர்க்கதரிசி என்ற துதி. அண்மைக் காலமாக இரண்டாவது கூட்டம் பெருகிவருகிறது. அரசாங்கம் சந்தையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், தனிமனிதனை அவன் போக்கில் விட வேண்டும் என்று நம்புகிற இளைஞர்கள், 'இந்தியாவின் முதல் லிபர்டேரியன் தலைவர்' என்று அவர் படத்தைப் போட்டு மாலை சூட்டுகிறார்கள். எதைச் செய்யவும் அரசின் அனுமதி வேண்டும் என்ற ஆட்சிமுறைக்கு 'பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்' என்று அவர் வைத்த பெயர் இன்றைக்கும் நிற்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயரை வைத்தபோது அவருக்கு எண்பது வயது, கையில் பதவியில்லை. பதவியில் இருந்தபோது என்ன செய்தார் என்று பார்க்காமல் ஓர் அரசியல்வாதியின் சுதந்திரப் பற்றை எப்படி அளப்பது?

1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். அன்றைக்கு முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரிலேயே தம் சொந்தச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். குடிப்பவன் வீட்டுப் பெண்கள் அவரை வாழ்த்தியிருப்பார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் கள், சாராய வருமானம் போனால் கஜானா சும்மா இருக்குமா? அந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரியைப் போட்டார். இந்தியாவில் அதுதான் முதல் பொது விற்பனை வரிச் சட்டம். மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்யும்போது புலம்புகிற வியாபாரிகளில் நானும் ஒருவன். அந்த வரியின் பாட்டனாரைத் தேடிக்கொண்டு போனால், தடையற்ற வணிகத்தின் காவலர் என்று கொண்டாடப்படுகிறவரின் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அதே ஆட்சியில்தான் பள்ளிகளில் கட்டாய இந்தி வந்தது. மறியல் செய்தவர்கள் மீது குற்றவியல் திருத்தச் சட்டம் பாய்ந்தது. அது சட்டமறுப்பு இயக்கத்தை நசுக்க வெள்ளைக்காரன் வைத்திருந்த சட்டம். காங்கிரஸ்காரர்களே அதில் அடிபட்டவர்கள். அந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் கைதான நடராசனும் தாளமுத்துவும் சிறைக்காவலில் இருந்தபோது இறந்தார்கள். பெரியார் சிறைக்குப் போனார்.

1951இல் இன்னும் பெரிய விந்தை. 1919இல் ரௌலட் சட்டத்துக்கு எதிராகக் கடையடைப்பு நடத்தலாம் என்ற யோசனை காந்திக்குத் தோன்றியது சென்னையில், ராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது. வக்கீல் வேண்டாம், அப்பீல் வேண்டாம், ஆளைப் பிடித்து உள்ளே போடு என்பதுதான் ரௌலட் சட்டம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, பட்டேல் இறந்ததும் உள்துறை அமைச்சரான ராஜாஜி, விசாரணையின்றிச் சிறைவைக்கும் தடுப்புக்காவல் சட்டத்தை நீட்டிக்கும் மசோதாவோடு நாடாளுமன்றத்தில் நிற்கிறார். அதே ஆண்டில் பத்திரிகைகளுக்குக் கடிவாளம் போடும் சட்டத்தையும் கொண்டுவந்தார். பத்திரிகைக்காரர்கள் கொதித்தார்கள். கொதிக்காமல் என்ன செய்வார்கள்?

அவர் பெயருக்கு நியாயமாகவே பெருமை சேர்க்கிற ஒரு முடிவு உண்டென்றால் அது 1952 ஜூனில் எடுத்தது. முதலமைச்சர் நாற்காலியில் அவர் அமர்ந்த விதம் அழகானதல்ல. தேர்தலில் நிற்காமல், ஆளுநர் நியமனத்தில் மேலவைக்கு வந்து அமர்ந்தார். ஆனால் அமர்ந்த சில வாரங்களில், போர்க் காலத்திலிருந்து தொடர்ந்துவந்த உணவுக் கட்டுப்பாட்டைத் தூக்கி எறிந்தார். அந்தக் கட்டுப்பாடு எப்படி இருந்தது என்பதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அறுவடை முடிந்ததும் அதிகாரி களத்துக்கு வருவார். வீட்டுக்கு இவ்வளவு, விதைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிவிட்டு மிச்ச நெல்லை அரசு சொன்ன விலைக்கு அளக்க வேண்டும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோக பெர்மிட் வேண்டும். கல்யாணப் பந்தியில் எத்தனை இலை போடலாம் என்பதற்குக்கூட ஆணை உண்டு. நெல் விளைவித்தவனே இருட்டில் தன் நெல்லைக் கடத்திக்கொண்டு போனான். இத்தனைக்கும் நடுவில் கொழுத்தது கள்ளச்சந்தை. கட்டுப்பாட்டை எடுத்தால் பஞ்சம் வரும், விலை எகிறும் என்று பயமுறுத்தியவர்கள் ஏராளம். ராஜாஜி கேட்கவில்லை. பஞ்சம் வரவில்லை. பதுங்கியிருந்த அரிசி கடைக்கு வந்தது. ஓர் அரசியல்வாதி தன் கையில் இருந்த அதிகாரத்தைத் தானே கீழே வைத்தது நம் நாட்டில் அபூர்வம். இந்த ஒன்றுக்காக அவரைக் கும்பிடலாம்.

ஆனால் கும்பிட்ட கை இறங்குவதற்குள் அதே 1952இல் கைத்தறி விவகாரம் வந்துவிடுகிறது. துதிபாடும் பதிவுகள் எதிலும் இதை நான் பார்த்ததில்லை. நூல் விலையும் தேக்கமும் சேர்ந்து நெசவாளர்களைத் தெருவில் நிறுத்தியிருந்த நேரம் அது. நான் ஈரோட்டுப் பக்கம். தறிச் சத்தம் நின்றால் அந்தத் தெருவில் அடுப்பும் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். ராஜாஜி என்ன கேட்டார்? வேட்டியும் சேலையும் கைத்தறிக்கு மட்டுமே என்று ஒதுக்க வேண்டும், ஆலைகள் அவற்றை நெய்யக் கூடாது என்று மத்திய அரசை விடாமல் நச்சரித்தார். முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள், முன்பு நெய்த வேட்டியில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஆலைகள் நெய்யக் கூடாது என்று டெல்லி உத்தரவிட்டது. கோட்டா என்பது இதுதானே? நெசவாளிக்காக அவர் வாதாடியது எனக்குத் தவறாகப் படவில்லை. சொல்லப்போனால் அதில்தான் அவர் எனக்கு மனிதராகத் தெரிகிறார். ஆனால் இதே காரியத்தை நேரு செய்தால் கோட்டா ராஜ்யம், ராஜாஜி செய்தால் கருணையா? அன்பர்கள் கணக்கை நேர் செய்யட்டும்.

குலக்கல்வி என்று பெயர் வாங்கிய 1953இன் கல்வித் திட்டத்தைப் பற்றி எழுதாதவர் இல்லை, எனவே சுருக்கமாக. கிராமத் தொடக்கப் பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். சாதி அநீதி என்ற விமர்சனம் முழுக்கச் சரி. நான் சேர்க்க விரும்புவது ஒன்றுதான்: ஒரு சிறுவன் பிற்பகலில் என்ன செய்ய வேண்டும் என்பதை அரசாணை போட்டுச் சொல்லுகிற அரசாங்கத்தைச் சிறிய அரசாங்கம் என்று எந்த லிபர்டேரியனும் சொல்ல முடியாது. 1954இல் பதவி போனது, காமராசர் வந்தார்.

இத்தனையும் முடிந்த பிறகுதான் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி. 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ், உழவர்கள் நிலங்களைச் சேர்த்து ஒன்றாகப் பயிரிட வேண்டும் என்று கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானம் போட்டது. உழவனின் நிலம் போய்விடும் என்று விவசாயிகள் தலைவர் என்.ஜி. ரங்கா கொதித்தார். ஒரு காலத்தில் காங்கிரஸ் சோஷலிஸ்டுக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மினு மசானி கைகோத்தார். நடுவில் கைத்தடியோடு ராஜாஜி. லைசென்ஸ் ராஜ்யம்தான் நாட்டின் நோய் என்ற கட்சியின் கணிப்பு துல்லியமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. லைசென்ஸ் கொடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என்பதால்தான் அவ்வளவு துல்லியம் என்பது என் எண்ணம். பெரிய முதலாளிகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டார்களா என்றால், இல்லை. ஜே.ஆர்.டி. டாடா, காங்கிரசுக்கும் நன்கொடை கொடுப்போம், இவர்களுக்கும் கொடுப்போம் என்று 1961இல் நேருவுக்கே கடிதம் எழுதித் தெரிவித்தார். பிர்லா கிட்டவே வரவில்லை. லைசென்ஸ் கையில் உள்ளவனுக்கு லைசென்ஸ் ஒழிந்தால் நஷ்டம் அல்லவா! ஆள்பலம் வந்தது ராஜாக்களிடமிருந்தும் மகாராணிகளிடமிருந்தும். கட்சியின் பெயர் அதிலேயே பாதி கெட்டது.

1967இல் 44 இடங்களோடு மக்களவையின் மிகப் பெரிய எதிர்க்கட்சி. இங்கே திமுகவோடு கூட்டு. அந்தத் தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதி ரூபாய்க்கு மூன்று படி அரிசி! ரேஷனை ஒழித்தவர் அந்த மேடையில் ஏறினார். காங்கிரசை வீழ்த்த வேண்டும் என்ற வைராக்கியத்துக்கு முன்னால் சந்தைத் தத்துவம் ஓரமாக உட்கார்ந்துகொண்டது. 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தப்போகிறார்கள் என்றதும், தொண்ணூற்றிரண்டு வயதில், மழையில், கருணாநிதியின் கோபாலபுரம் வீட்டுக்குப் போய் வேண்டாமென்று மன்றாடினார் என்று சொல்வார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் கட்சி எட்டு இடங்களுக்குச் சுருங்கியிருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். 1974இல் கட்சி சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

லிபர்டேரியன் தம்பிகளுக்கு ஒரு யோசனை. அவர் படத்துக்கு மாலை போடுவதை விட்டுவிட்டு, அந்தக் கட்சியின் கொள்கைப் பட்டியலில் கடைசியாக இருந்ததைப் படியுங்கள். அடிப்படைக் கொள்கைகளுக்கு வெளியே உள்ள எந்த விஷயத்திலும் உறுப்பினர் தன் மனசாட்சிப்படி பேசலாம், வாக்களிக்கலாம் என்றது அது. இன்றைக்குக் கொறடா உத்தரவை மீறினால் கட்சித்தாவல் தடைச் சட்டத்தில் பதவியே பறிபோகும். அது மட்டுமல்ல, 1989இலிருந்து தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்ய விரும்பும் கட்சி, சோஷலிசத்தில் பற்று உண்டு என்று தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். சுதந்திராக் கட்சியின் பழைய ஆட்கள் இதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ராஜாஜியே எழுந்து வந்து அந்தக் கட்சியை இன்று மீண்டும் பதிவு செய்ய வேண்டுமென்றாலும், முதலில் சோஷலிஸ்டு என்று கையெழுத்துப் போட வேண்டும். அதை எதிர்த்து யாராவது பதிவு போடுங்கள், நானும் பகிர்கிறேன்.