அளவுச் சொற்களையும் சேர்த்திருக்கலாம்

'மற்றும்', 'அல்லது', 'எனில்' ஆகிய தருக்க இணைப்புகளை மெய்ம்மை அட்டவணை (கூற்றுகள் உண்மையாகவோ பொய்யாகவோ அமையும் எல்லாச் சேர்க்கைகளையும் காட்டும் பட்டியல்) வழியாக விளக்கிய ஒரு கட்டுரையைப் படித்தேன்; அது தெளிவாக இருக்கிறது. ஆனால் தருக்கத்துக்கும் மொழியியலுக்கும் உள்ள உறவு அவற்றோடு முடிந்துவிடுவதைப் போன்ற தோற்றத்தையும் அது தருகிறது. என் பார்வையில் அந்த உறவு மிக ஆழமாக வெளிப்படுவது 'எல்லா', 'ஒவ்வொரு', 'ஒரு', 'சில' போன்ற அளவுச் சொற்களில்தான்.

'ஒவ்வொரு மாணவரும் ஒரு நூலைப் படித்தார்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு நூலைப் படித்தார், அவை வேறுவேறாகவும் இருக்கலாம் என்பது ஒரு பொருள். அனைவரும் படித்த குறிப்பிட்ட ஒரு நூல் உண்டு என்பது மற்றொன்று. இரண்டாவது உண்மையானால் முதலாவதும் உண்மையாகும். மறுதலையாக அவ்வாறு சொல்ல முடியாது. ஒரு சொல்கூட மாறாமல் பொருள் இவ்வாறு பிரிவதற்குக் காரணம், 'ஒவ்வொரு', 'ஒரு' ஆகியவற்றில் எது எதன் வீச்சுக்குள், அதாவது பொருள் எல்லைக்குள், அடங்குகிறது என்பதே. இரண்டு கூற்றுகளிலிருந்து மூன்றாவதைப் பெறும் அரிஸ்டாட்டிலின் முக்கூற்று முறையால் இத்தகைய அடுக்குகளைக் கையாள முடியவில்லை. அதற்கு வழி திறந்தது ஜெர்மானியத் தருக்கவியலாளர் ஃபிரேகே 1879இல் வெளியிட்ட குறியீட்டு முறை. நாம் பேசும் இயல்மொழிக்கும் தருக்கவியலாளர் உருவாக்கும் முறைசார் மொழிக்கும் கோட்பாட்டளவில் அடிப்படை வேறுபாடு இல்லை என்று 1970இல் வாதிட்ட அமெரிக்கத் தருக்கவியலாளர் ரிச்சர்ட் மாண்டேகு, அதன் தொடர்ச்சியாகவே வாக்கியப் பொருளைத் தருக்க முறையில் ஆராயும் முறைசார் பொருண்மையியலுக்கு அடித்தளமிட்டார்.

'அல்லது' பற்றி ஒரு சிறு மறுப்பு. தருக்கத்தில் அது இரண்டும் உண்மையாக இருப்பதையும் ஏற்கும்; அன்றாடப் பேச்சிலோ 'இரண்டும் அல்ல, ஒன்று மட்டுமே' என ஒலிப்பதால் தருக்கம் மொழியிலிருந்து விலகுகிறது என்று கட்டுரையாளர் முடிவு கட்டுகிறார். சொல்லின் பொருளையும் சூழலிலிருந்து கேட்பவர் ஊகிப்பதையும் மொழித் தத்துவவியலாளர் கிரைஸ் பிரித்துக் காட்டிய பிறகு, அம்முடிவு அவசரமானது: 'ஒன்று மட்டுமே' என்பது சொல்லின் பொருளாக அன்றி, கேட்பவரின் ஊகமாகவும் இருக்கலாம்.