உச்சியில் ஒரு பொறிவண்டு

போன ஞாயிற்றுக்கிழமை தில்லி மலை மந்திர் முருகன் கோயில் படிகளில் வைத்து ஒருவர் என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டார். நேராகச் சொல்லவில்லை. "ஒரு படம்கூட இல்லையா சார்?" என்று கேட்டார். இரண்டும் ஒன்றுதான்.

மார்ச் கடைசியில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு காஷ்மீரி கேட்டில் இரவுப் பேருந்து பிடித்தேன். ரிஷிகேஷ், உக்கிமட், அங்கிருந்து ஜீப்பில் சோப்தா. மறுநாள் விடியும் முன்பே கிளம்பி, துங்கநாத்தைத் தாண்டி, உத்தரகண்ட் மலைகளில் இருக்கும் சந்திரசிலா உச்சிக்குத் தனியாக ஏறி இறங்கினேன். பெரிய சாகசம் ஒன்றும் இல்லை. கைத்தடி போதும், கயிறு வேண்டாம். ஆனாலும் என் ஐம்பத்திரண்டு வயது முழங்கால்களுக்கு அது போதுமானதாக இருந்தது. துங்கநாத் கோயில் நடை சாத்தியிருந்தது. குளிர்காலத்தில் சுவாமியை மக்குமட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பூட்டைக் கும்பிட்டுவிட்டு மேலே நடந்தேன்.

உச்சியில் நின்றபோது எதிரே சௌகம்பா சிகரத்தின் தலையில் முதல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. கைபேசியை எடுத்தேன். பேட்டரி 34 விழுக்காடு என்று காட்டியது. கேமராவைத் தொட்டேன், அணைந்துவிட்டது. அக்குளில் பத்து நிமிடம் வைத்துச் சூடேற்றிப் பார்த்தேன், உயிர் வரவில்லை. கடுங்குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடும். இருக்கிற மின்சாரத்தையும் அது வெளியே விடாது. மஞ்சள் அலகோடு ஒரு மலைக்காகம் இரண்டடி தள்ளி உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சி என்று சொன்னால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

படம் கேட்டவர் மீது எனக்குக் கோபம் இல்லை. எங்கள் அலுவலகத்துக்காரர்தான். நான் தணிக்கைப் பிரிவில் 27 ஆண்டுகளாக அடுத்தவர்களின் பில்களைப் பார்த்துக் காலம் தள்ளுகிறவன். போன வருடம் அவருடைய டாக்ஸிச் செலவை, ரசீது இல்லை என்று ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பினேன். அதற்கு அவர் முருகன் சந்நிதியில் வைத்துப் பழி தீர்த்துக்கொண்டார். 'யாமிருக்க பயமேன்' என்று பெரிதாக எழுதி வைத்திருக்கும் கோயிலில், நான் கால் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மலையேற்றம் பற்றி வாசிப்பது என் நெடுநாள் பைத்தியம். யாரும் பார்க்காத இடத்தில் தனியாக ஏறியவர்களை உலகம் எதை வைத்து நம்பியது என்றே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

யெர்ஸி குகுச்கா என்று ஒரு போலந்துக்காரர். 1981 அக்டோபரில் 8,485 மீட்டர் உயரமுள்ள மகாலு மலையில் இரண்டு கூட்டாளிகளோடு மேற்குச் சுவரில், அதாவது மலையின் செங்குத்தான மேற்குப் பக்கத்தில், முயன்று தோற்றார். கூட்டாளிகள் போதும் என்று நிறுத்திக்கொண்டார்கள். இவர் மட்டும் அதற்கு முன் யாரும் போகாத ஒரு வழியில், வடமேற்கு முகடு வழியாக, தனியாக ஏறி உச்சியைத் தொட்டுத் திரும்பினார். பலர் நம்பவில்லை. ஒற்றை ஆள், புது வழி, எப்படி நம்புவது? உச்சியில் மகனுடைய பொம்மை ஒன்றை விட்டுவந்ததாக அவர் சொன்னார். சின்னப் பொறிவண்டு பொம்மை. அடுத்த ஆண்டு அதே உச்சிக்குப் போன கொரியர் ஹோ யங் ஹோ அந்தப் பொம்மையைக் கண்டெடுத்தார். பேச்சு அடங்கியது. (நாமெல்லாம் தீப்பெட்டியில் பொன்வண்டு வளர்த்த கூட்டம், இந்தக் கதை எனக்குப் பிடித்துப் போனதில் வியப்பில்லை.)

எனக்குள் இருக்கும் தணிக்கைக்காரன் இங்கே ஒரு கேள்வி கேட்கிறான். அந்தப் பொம்மையைக் காற்று அடித்துக்கொண்டு போயிருந்தால்? குகுச்கா ஏறியது ஏறாததாக ஆகிவிடுமா?

ஆஸ்திரிய மலையேறி ஹெர்மன் பூல் 1953 ஜூலை 3 அன்று மாலை நங்கா பர்பத் உச்சியில் தனியாக நின்றார். 8,126 மீட்டர். அதற்கு முன் அந்த உச்சியை யாரும் தொட்டதில்லை. சாட்சியாகத் தன் பனிக்கோடரியைப் பாகிஸ்தான் கொடியோடு அங்கே நட்டுவிட்டு இறங்கினார். அந்தக் கோடரியை ஜப்பானியர்கள் கீழே கொண்டுவந்தது 1999இல். நாற்பத்தாறு ஆண்டுகள்! பூல் 1957இலேயே சோகோலிசா மலையில் இறந்துவிட்டார்.

ஆனால் பூலை நான் நம்புவது கோடரிக்காக அல்ல. இறங்கும்போது இருட்டிவிட்டது. ஏறக்குறைய 8,000 மீட்டர் உயரத்தில், கூடாரமும் உறக்கப் பையும் இல்லாமல், ஒரு பாறை விளிம்பில் நின்றபடியே இரவைக் கழித்தார். மறுநாள் தன்னோடு இன்னொருவர் நடந்து வருவதாகவே அவருக்குத் தோன்றியிருக்கிறது. கையுறையைக் காணவில்லை என்று தேடியபோது, அந்த இல்லாத ஆள், "அதைத்தான் தொலைத்துவிட்டாயே" என்று பதில் சொன்னதாக அவரே எழுதியிருக்கிறார். பொய் சொல்லிப் பெருமை தேடுகிறவன், தனக்குப் புத்தி பேதலித்ததை எதற்காக ஊருக்குச் சொல்ல வேண்டும்?

என் தொழிலில் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். பொய்க் கணக்கு எப்போதும் அழகாக இருக்கும். தொகை முழு எண்ணாக இருக்கும், தேதிகள் வரிசையாக இருக்கும், ரசீதுகளில் ஒரு மடிப்புகூட இருக்காது. உண்மைக் கணக்கில்தான் சாம்பார்க் கறை, அடித்துத் திருத்திய எண், சொந்தக்காரனுக்கே சங்கடம் தரும் ஒரு செலவு எல்லாம் இருக்கும்.

இத்தாலிய மலையேறி ரைன்ஹோல்ட் மெஸ்னரைப் பாருங்கள். 1980 ஆகஸ்டில், பருவமழைக் காலத்தில், எவரெஸ்டின் வடக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் உருளை இல்லாமல் தனியாக ஏறினார். கீழே முகாமில் நேனா ஹோல்கின் என்ற பெண் மட்டும் காத்திருந்தார். முதல் நாள் விடியும் முன்பே காலடிப் பனி உடைந்து ஒரு பிளவுக்குள் விழுந்தார், நெற்றிவிளக்கும் அணைந்துவிட்டது. வெளியே வர முடிந்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று உள்ளே கிடந்தபடி மனதுக்குள் சொல்லிக்கொண்டதாகவும், வெளியே வந்ததும் அதை மறந்து மேலேயே நடந்ததாகவும் அவர்தான் சொன்னார். எந்தக் கேமராவும் பிடிக்காத இடம் அது. மூன்றாம் நாள் உச்சி.

சரி, படமே இல்லாதவர்களை என்ன செய்வது? இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

சுவிஸ்காரர் ஊலி ஷ்டெக் 2013 அக்டோபரில் அன்னபூர்ணாவின் தெற்குச் சுவரில் தனியாக ஏறி, 28 மணி நேரத்தில் திரும்பிவிட்டதாகச் சொன்னார். படம் எடுக்கக் கேமராவை வெளியே எடுத்தபோது மேலிருந்து சரிந்த பனி அடித்ததில் கேமராவும் ஒரு கையுறையும் போய்விட்டன என்றார். கேலி செய்தவர்கள் உண்டு. வசதியாகத் தொலைந்த கேமரா என்றார்கள். மறு ஆண்டு மலையேறிகளின் பெரிய விருதான பியோலே தோர் அவருக்குக் கிடைத்த பிறகும் முணுமுணுப்பு அடங்கவில்லை. 2017இல் எவரெஸ்டுக்குப் பக்கத்து மலையான நுப்ட்சேயில் விழுந்து இறந்தார். என் கைபேசி அணைந்த பிறகு எனக்கு ஷ்டெக் மேல் பாசமே வந்துவிட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆகவே என் தீர்ப்பை அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் ஸ்லோவேனியாவின் டோமோ செசென். 1990 ஏப்ரலில், எவரெஸ்டை ஒட்டியிருக்கும் லோட்சே மலையின் தெற்குச் சுவரில் தனியாக ஏறியதாக அறிவித்தார். அது சாதாரணச் சுவர் அல்ல. ஆறு மாதம் முன்பு, 1989 அக்டோபரில், நம் பொறிவண்டுக்காரர் குகுச்கா கயிறு அறுந்து விழுந்து இறந்தது அதே சுவரில்தான். செசெனை முதலில் எல்லோரும் கொண்டாடினார்கள், மெஸ்னர் உட்பட. பிறகு அவர் வெளியிட்ட ஒரு படம் தன்னுடையது என்று விக்கி குரோஷெல் என்ற இன்னொரு மலையேறி சொன்னார். அத்தோடு நம்பிக்கை சரிந்தது. செசென் தன் சொல்லை மாற்றிக்கொள்ளவில்லை.

செசெனைக் கவிழ்த்தது படம் இல்லாதது அல்ல என்பதைக் கவனியுங்கள். படம் இருந்ததுதான். வெறுமனே "என்னிடம் படம் இல்லை" என்று நின்றிருந்தால் நான் அவரோடு நின்றிருப்பேன். ரசீது தொலைந்தது என்று எழுதிக் கொடுப்பவனை நான் திட்டுவேன், ஆனால் நம்புவேன். அடுத்தவன் ரசீதை ஒட்டிக் கொடுப்பவனிடம்தான் எனக்குப் பேச்சு இல்லை.

2016இல் மகாராஷ்டிரக் காவல்துறையில் பணியாற்றிய ஒரு தம்பதி எவரெஸ்ட் ஏறியதாகக் காட்டியவை வேறொருவரின் உச்சிப் படத்தில் தங்களை ஒட்டி உருவாக்கியவை. நேபாளம் பத்தாண்டுத் தடை விதித்தது. அவர்களிடம் படம் பளிச்சென்று இருந்தது! நம் தில்லியில் சிம் கார்டு முதல் சிலிண்டர் வரை எல்லாவற்றுக்கும் நகல் கொடுத்துப் பழகி, படம் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவில்லை என்று நாமும் ஆகிவிட்டோம்.

ஒருவன் மலையில் பொய் சொன்னால் யாருக்கு நட்டம் என்று என் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. அதே 1990 அக்டோபரில் பெர்ஷோவ், கரதாயேவ் என்ற இரண்டு சோவியத் வீரர்கள் லோட்சே தெற்குச் சுவர் வழியாக உச்சிக்குப் போனார்கள். கரதாயேவ் விரல்களைப் பனிக்கடிக்குக் கொடுத்துவிட்டு இறங்கினார். அவர்கள் முதலாவதா இரண்டாவதா என்பது செசெனுடைய ஒற்றைச் சொல்லில் தொங்குகிறது. விரல் போனவனுக்கு நட்டம் எது என்று தெரியும். அதனால்தான் கேள்வி கேட்பதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. கேட்க வேண்டியது "படம் எங்கே?" அல்ல; "அங்கே என்ன நடந்தது, சொல்" என்பது. அந்த நண்பர் என்னிடம் காகத்தைப் பற்றியாவது கேட்டிருக்கலாம்.

நேற்று என் மனைவி துவைக்கப் போட்ட கால்சட்டைப் பையிலிருந்து ரிஷிகேஷ் – உக்கிமட் பேருந்து டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தாள். நான்காக மடிந்து, ஓரத்தில் தேநீர்க் கறையோடு. இன்று காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அதை அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பி, தேதியைத் தன் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

"உக்கிமட் வரை ஒப்புக்கொள்கிறேன் சார்," என்றார். "அதற்கு மேல் ஆட்சேபணை."